சொற்பிறப்புக்குச் சான்று ஓசையா, வரலாறா?

ஒரு சொல் எம்மொழியில் பிறந்தது, எவ்வழியாக வந்து சேர்ந்தது, வரும் வழியில் வடிவிலும் பொருளிலும் எவ்வாறு மாறியது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண முயல்வதே சொற்பிறப்பியல். இவ்வாய்வுக்கு ஆங்கிலத்தைப் போன்ற வளமான களம் அரிதாகவே வாய்க்கும். செருமானிய அடித்தளத்தின் மீது பிரெஞ்சும் இலத்தீனும் படிந்து, பின்னர் வணிகத்தாலும் ஆட்சியாலும் உலகின் பல மொழிகளிலிருந்து சொற்களை ஏற்று வளர்ந்த மொழி அது. அச்சொற்களுள் அரபுச் சொற்கள் கணிசமானவை. தமிழ்ச் சொற்களும் உள்ளன.

இச்செய்தி நம்மிடையே பெருமிதத்தோடு பேசப்படுவது இயல்பே. மேடைகளிலும் விழா மலர்களிலும் ‘ஆங்கிலத்தில் அரபுச் சொற்கள்’ என்னும் பட்டியல்கள் இடம்பெறுகின்றன. ஆங்கிலத்தின் வேர் தமிழே என நிறுவ முற்படும் பட்டியல்களும் அவற்றுக்குக் குறைவின்றி வெளிவருகின்றன. இவ்விரு வகையினவற்றையும் ஒருசேர வைத்து நோக்கும்போது ஒரு பொதுக்குறை தென்படுகிறது. ஐயத்திற்கு இடமில்லாத சொற்களும் ஆதாரம் சிறிதுமற்ற சொற்களும் அவற்றில் ஒரே வரிசையில் நிற்கின்றன. ‘அல்ஜீப்ரா’வுக்கு அருகிலேயே ‘எர்த்’ நிற்கிறது. பின்னதைப் பிழையெனக் கண்டுகொண்ட வாசகர் முன்னதையும் ஐயுறவே செய்வார். மெய்யான கடன் பொய்யான கடனோடு சேர்த்துத் தள்ளப்படும் இந்நிலையைப் பெருமிதம் பேசுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே இப்பட்டியல்கள் பின்பற்றும் முறையைச் சற்று ஆராய்வது தேவை எனக் கருதுகிறோம்.

தொடரைத் தேடும் துறை

1786இல் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை, சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்தவையாதல் வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தது. 1816இல் சென்னையில் எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தமக்கெனத் தனிக்குடும்பம் உடையவை எனக் காட்டினார். 1822இல் யாக்கோபு கிரிம், செருமானிய மொழிகளில் மெய்யொலிகள் மாறிய ஒழுங்கை வகுத்துரைத்தார். இலத்தீனில் ‘பாட்டெர்’ எனப் பகரத்தில் தொடங்கும் சொல், ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’ என்றாகிறது. இது அந்த ஒரு சொல்லுக்கு நேர்ந்த விபத்தன்று. அதே நிலையில் நிற்கும் பிற சொற்களுக்கும் பொருந்தும் விதி. இவ்விதிகள் தெளிந்த பின்னரே சொற்பிறப்பு ஆய்வு ஊகத்தின் பிடியிலிருந்து விடுபட்டது.

அடுத்த படி அகராதியில் நிகழ்ந்தது. 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் கருக்கொண்ட ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, 1884இல் முதற்பகுதி வெளிவந்து 1928இல் நிறைவெய்தியது. 1989இல் அதன் இரண்டாம் பதிப்பு இருபது தொகுதிகளாக வெளியாயிற்று. 2000 முதல் மூன்றாம் பதிப்புக்கான திருத்தங்கள் இணையவழி வெளியிடப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் அது எழுத்தில் பதிவான காலத்தையும், அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் அது எப்பொருளில் வழங்கிற்று என்பதையும் மேற்கோள்களால் காட்டுவது அதன் நெறி.

நம் வாசகர்களுக்கு இந்நெறி புதியதாகத் தோன்றாது. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியின் வாசகம் எத்துணை நயமுடையதாயினும், அதன் அறிவிப்பாளர் தொடரை ஆராயாமல் எவரும் அதனை ஏற்பதில்லை. தொடரில் அடுத்தடுத்து நிற்கும் இருவர் ஒரே காலத்தவரா, ஒருவரையொருவர் சந்தித்திருக்க இயலுமா எனக் கேட்பர். இடையில் ஒருவர் விடுபட்டாலும் செய்தியின் தரம் தாழும். சொல்லின் வரலாற்றிலும் கேள்வி அதுவே. இம்மொழியினரும் அம்மொழியினரும் எங்கே சந்தித்தனர், எந்த நூற்றாண்டில், எந்த நூலில் அச்சொல் கைமாறியது என்பதற்குச் சான்று வேண்டும். நம் பட்டியல்களோ வாசகத்தின் நயத்தை மட்டும் கண்டு தொடரைக் கேளாமல் விட்டுவிடுகின்றன.

ஒத்திருந்தும் உறவில்லாதவை

‘நோபிள்’ என்னும் ஆங்கிலச் சொல் ‘நபீல்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததென்பது பலர் கூறும் எடுத்துக்காட்டு. ஓசையும் ஒத்திருக்கிறது; மேன்மை என்னும் பொருளும் ஒத்திருக்கிறது. எனினும் ‘நோபிள்’ பிரெஞ்சு வழியாக இலத்தீனின் ‘நோபிலிஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதன் பழைய வடிவம் ‘க்னோபிலிஸ்’. அறிதல் என்னும் பொருளுடைய வேரினின்று தோன்றி, அறியப்பட்டவர், புகழ்பெற்றவர் எனப் பொருள்பட்டது. ஆங்கிலத்தின் ‘நோ’, சமஸ்கிருதத்தின் ‘ஞானம்’ ஆகியவை இவ்வேரின் பிற கிளைகள். ‘நபீல்’ என்பதன் வேரோ நூன், பா, லாம் என்னும் மூன்று மெய்களால் ஆனது. இன்றைய வடிவங்களில் அருகருகே தோன்றும் இரண்டும் பின்னோக்கிச் செல்லச் செல்ல விலகிப் போகின்றன.

‘எர்த்’, ‘அர்ள்’ ஆகிய சொற்களின் நிலையும் இத்தகையதே. ஆங்கிலச் சொல்லுக்கு ஜெர்மனில் ‘எர்டெ’, டச்சில் ‘ஆர்டெ’ என உடன்பிறப்புகள் உள்ளன. அரபுச் சொல்லுக்கு ஹீப்ருவில் ‘எரெட்ஸ்’, அராமியத்தில் ‘அர்ஆ’ என வேறு உடன்பிறப்புகள் உள்ளன. இரு குடும்பங்களும் தத்தம் வீட்டிற்குள்ளேயே முழுமையாக விளங்கிவிடுகின்றன. ஒன்று மற்றொன்றிடம் கடன் பெற்றது எனக் கூறுவதற்குத் தேவையே எழவில்லை.

தமிழ்ப் பட்டியல்களில் ‘எய்ட்’, ‘எட்டு’ என்னும் இணை தவறாமல் இடம்பெறும். ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் ‘எஅஹ்தா’ என்பது. ஜெர்மனில் ‘ஆக்ட்’, இலத்தீனில் ‘ஓக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. இன்றைய உச்சரிப்பில் அந்த இடையொலி மறைந்துவிட்டதாலேயே அது ‘எட்டு’க்கு நெருங்கி ஒலிக்கிறது. தமிழிலோ எண்பது, எண்ணூறு ஆகியவற்றைக் கொண்டு ‘எண்’ என்பதே அடி என அறிகிறோம். இரு புறமும் மூலத்தை நோக்கிச் சென்றால் ஒற்றுமை கரைந்துவிடுகிறது.

இவ்வகையில் மிகவும் அறிவுறுத்தும் சொல் ‘கேஷ்’ என்பது. பணம் என்னும் பொருளில் நாள்தோறும் வழங்கும் ‘கேஷ்’ தமிழின் ‘காசு’ என்றே பலரும் நம்புகின்றனர். ஆயின் அது பெட்டி என்னும் பொருளுடைய பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. பணப்பெட்டியின் பெயர் பெட்டியிலுள்ள பணத்திற்கு ஆயிற்று. அதே எழுத்துகளுடன் ஆங்கிலத்தில் மற்றொரு ‘கேஷ்’ உண்டு. கீழை நாடுகளில் வழங்கிய சிறுமதிப்பு நாணயத்தைக் குறிக்கும் அச்சொல் போர்த்துக்கீசியர் வழியாகச் சென்ற தமிழ்க் ‘காசு’வே. ஆக, தமிழின் பங்கு மெய். அது நாம் தேடிய இடத்தில் இல்லை. ஓசையை மட்டும் நம்புவோர் இல்லாத உறவைக் கொண்டாடி, இருக்கும் உறவை அறியாமல் விட்டுவிடுகின்றனர்.

ஒத்திராமலே உறவுடையவை

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. முக்கோணவியலில் ‘சைன்’ என்னும் சொல் இலத்தீனின் ‘சைனஸ்’ என்பதிலிருந்து வந்தது. மடிப்பு, மார்பு என்பது அதன் பொருள். கணித அளவு ஒன்றுக்கு இப்பெயர் எப்படிப் பொருந்தியது என்பதற்கு இலத்தீன் அகராதியில் விடை கிடைக்காது. 499இல் இயற்றப்பட்ட ஆரியபட்டரின் நூல் முதலாய இந்தியக் கணித மரபில் இவ்வளவை நாண் எனப் பொருள்படும் ‘ஜ்யா’, ‘ஜீவா’ என்னும் சொற்களால் குறித்தனர். அரபு அறிஞர் அதனை ‘ஜீபா’ என ஒலிபெயர்த்து ஏற்றனர். உயிர்க்குறிகள் இன்றி எழுதும் வழக்கத்தால் அவ்வடிவம் பின்னர் ‘ஜைப்’ எனப் படிக்கப்பட்டது. சட்டையின் மார்புத் திறப்பைக் குறிக்கும் அரபுச் சொல் அது. 12ஆம் நூற்றாண்டில் அரபு நூல்களை இலத்தீனில் பெயர்த்தோர் அப்பொருளுக்கு நேரான ‘சைனஸ்’ என்பதை இட்டனர். ‘சைன்’ என்பதில் அரபு எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆயினும் அரபு மொழியின் துணையின்றி அச்சொல்லை விளக்கவியலாது. ஓசையைத் தேடும் பட்டியலாசிரியர் எவரும் இதனைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

‘ஸீரோ’வின் வரலாறும் நினைக்கத்தக்கது. வெறுமை எனப் பொருள்படும் ‘சூன்ய’ என்பதை அரபு அறிஞர் ‘ஸிஃப்ர்’ என மொழிபெயர்த்தனர். 1202இல் ஃபிபோனாச்சி தம் கணித நூலில் அதனை ‘ஸெஃபிரும்’ என்று எழுதினார். அது இத்தாலியில் சுருங்கி ‘ஸீரோ’ ஆயிற்று. மற்றொரு வழியில் அதே ‘ஸிஃப்ர்’ ‘சைஃபர்’ என ஆங்கிலம் புகுந்தது. நாம் தமிழில் வழங்கும் ‘சைபர்’ அவ்வாறு உலகைச் சுற்றி வந்ததே.

ஐயமற்ற சொற்களிலும் அளவறிந்து பேச வேண்டும். ‘அட்மிரல்’ என்பதன் மூலம் ‘அமீர்’ என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதன் இறுதியிலுள்ள ‘அல்’, ‘அமீருல் பஹ்ர்’ என்னும் தொடரின் எச்சம் எனப் பலர் உறுதிபடக் கூறுவர். அது இலத்தீன் விகுதியாகவும் இருக்கலாம் என்பதே ஆய்வாளர் நிலை. ஆங்கிலத்தில் அச்சொல் முதலில் கடலோடு தொடர்பின்றி முஸ்லிம் படைத்தலைவரையே குறித்தது. கடற்படைத் தலைவர் என்னும் பொருளுக்கு நார்மானியர் ஆண்ட சிசிலி வழிகோலியது. இரண்டாம் ரோஜர் மன்னரின் கடற்படையை நடத்திய அந்தியோக்கியாவின் ஜார்ஜ் ‘அமீர்களின் அமீர்’ என்னும் பட்டத்தைத் தாங்கியிருந்தார்.

‘ஆல்கஹால்’: ஒரு சோதனை

நம்மிடையே மிகப் பரவியுள்ள ஒரு கூற்றை இந்நெறியில் வைத்துச் சோதிப்பது பயன் தரும். ‘ஆல்கஹால்’ என்னும் சொல் திருக்குர்ஆனின் 37ஆம் அத்தியாயம் 47ஆம் வசனத்தில் வரும் ‘கவ்ல்’ என்பதிலிருந்து தோன்றியது என்பர். சுவனத்துப் பானத்தில் ‘கவ்ல்’ இராது என்கிறது அவ்வசனம்; அறிவை மயக்கும் கேடு, தலைவலி என உரையாசிரியர்கள் விளக்கியுள்ளனர். மதுவின் தீமையைக் குறிக்கும் சொல்லே மதுவின் பெயராயிற்று என்பது கேட்பதற்கு மிகப் பொருத்தமாகவே இருக்கிறது. அப்பொருத்தமே அதனை ஆராயாமல் ஏற்கச் செய்தது.

முதலில் எழுத்தை நோக்குவோம். ‘கவ்ல்’ என்பதன் முதலெழுத்து கைன். தமிழ் எழுத்தில் காஃபும் கைனும் ஒரே ககரமாகிவிடுவதால் நமக்கு வேறுபாடு புலப்படுவதில்லை. இலத்தீனில் எழுதியோர் அவ்வேறுபாட்டைப் பெரிதும் பேணினர். கைன், லாம் முதலாய எழுத்துகளுடன் இதே வேரிலிருந்து வந்த ‘கூல்’ என்னும் சொல் ஆங்கிலத்தில் உண்டு. பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தில் அரபு வானியலார் ‘ரஃஸுல் கூல்’ எனக் குறித்த விண்மீன் அங்கே ‘அல்கோல்’ எனப்படுகிறது. கைனுக்கு உரிய ஒலியெழுத்து அதில் தெளிவாக நிற்கிறது. ‘கஸால்’ என்னும் மானின் பெயரும் அவ்வெழுத்தோடுதான் ஐரோப்பிய மொழிகளில் புகுந்தது. ‘ஆல்கஹால்’ என்பதிலோ அவ்வெழுத்து இல்லை. மாறாக, ‘கவ்ல்’ என்பதில் இடம்பெறாத ஹகரம் நடுவில் இருக்கிறது.

அடுத்து வரலாற்றை நோக்குவோம். காஃப், ஹா, லாம் என்னும் எழுத்துகளால் ஆன ‘குஹ்ல்’, கண்ணுக்கு இடும் சுர்மாவைக் குறிக்கும். ‘அல்குஹ்ல்’ என்பதே இலத்தீனில் ‘அல்கோஹோல்’ ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலம் புகுந்தபோது நுண்ணிய பொடி என்னும் பொருளையே கொண்டிருந்தது. மருந்தியலார் பொடியாக்கியும் ஆவியாக்கியும் பெறப்படும் சாரம் எதனையும் அப்பெயரால் அழைத்தனர். பாராசெல்சஸ் திராட்சை மதுவிலிருந்து வடித்த சாரத்தை ‘மதுவின் அல்கோஹோல்’ எனக் குறித்தார். காலப்போக்கில் அடைமொழி உதிர்ந்து, 18ஆம் நூற்றாண்டில் சாரத்தின் பொதுப்பெயர் மதுச்சாரத்தின் சிறப்புப் பெயராக நிலைத்தது. ஒவ்வொரு படிக்கும் நூல்களில் சான்று உண்டு. ‘கவ்ல்’ என்பதற்கோ இடைப்பட்ட ஒரு படிக்கும் சான்றில்லை. இக்காலத்துச் சில அரபு வேதியியல் நூல்கள் ‘கவ்ல்’ என்பதையே கலைச்சொல்லாக ஆள்வதுண்டு. அது பிற்காலத்தார் விரும்பித் தேர்ந்த ஆட்சி. ஆங்கிலச் சொல்லின் தோற்றத்திற்கு அது சான்றாகாது.

இதனால் வசனத்தின் பொருளுக்கு எக்குறையும் நேர்வதில்லை. அரபு மொழியின் பங்கும் குறைவதில்லை. சொல் அரபுச் சொல்லே. கைவிடப்படுவது ஆதாரமற்ற தொடர் ஒன்றுதான். இறைவேதத்தின் சொல்லோடு ஒரு செய்தியை இணைத்துப் பேசுவோர், ஏனையோரினும் கூடுதலாகச் சான்று தேட வேண்டியவர்கள் அல்லரோ?

மறுபுறத்துக் குறைகள்

பிழை நம் பக்கம் மட்டுமே என்று கூறுவதற்கில்லை. ஆங்கிலச் சுருக்க அகராதிகள் பல, அண்மையிலுள்ள மொழியைக் கூறியதோடு நின்றுவிடும். ‘மேகஸின்’ என்பதற்குப் பிரெஞ்சு என்று எழுதி முடித்துவிட்டால், அது பண்டகசாலை எனப் பொருள்படும் ‘மக்ஸன்’ என்பதன் பன்மையாகிய ‘மகாஸின்’ என்பது வாசகருக்குத் தெரியாமலே போகும். ஆங்கிலத்திலும் அது முதலில் கிடங்கையே குறித்தது; 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் தொடங்கிய ‘ஜென்டில்மன்ஸ் மேகஸின்’ அப்பெயரை இதழுக்கு உரியதாக்கிற்று. தொடரின் கடைசிக் கண்ணியை மட்டும் காட்டுவதும் தொடரை மறைப்பதே.

இந்தியச் சொற்களுக்கு யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ இன்றும் பயன்படும் நூல். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். நூல் வெளிவருமுன் 1882இல் மறைந்தார். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், கறி ஆகிய நம் சொற்கள் ஆங்கிலம் புகுந்த வரலாற்றை, பயணிகளும் வணிகரும் எழுதியவற்றிலிருந்து கால வரிசையில் மேற்கோள் காட்டி விளக்குவது அதன் சிறப்பு. ஆயின் அதன் தலைப்பு நம் சிந்தனைக்குரியது. முஹர்ரம் ஊர்வலத்தில் எழுந்த ‘யா ஹஸன், யா ஹுஸைன்’ என்னும் துயரக் குரல், பொருளறியாத ஆங்கிலப் படைவீரர் வாயில் சிதைந்து ஆன வடிவமே அது. ஒரு சமூகத்தின் துயரம் நூலின் வேடிக்கைப் பெயராக்கப்பட்டதில் ஆள்வோரின் மனப்பாங்கு வெளிப்படுகிறது. அதனைக் கண்டிப்பது நம் உரிமை. அதே வேளையில் அந்நூலின் மேற்கோள் நெறி நாம் கற்க வேண்டியது. கண்டனம் தலைப்போடு நிற்க வேண்டும். சான்றுகளைத் தள்ளுவதற்குக் காரணமாகிவிடக்கூடாது.

இஞ்சி கற்பிக்கும் பாடம்

சொற்களின் பயணம் எந்த ஓர் இனத்தின் பெருமைக்குள்ளும் அடங்குவதன்று என்பதற்கு இஞ்சி நல்ல சான்று. ஆங்கிலத்தின் ‘ஜிஞ்சர்’, இலத்தீன், கிரேக்கம் வழியாகப் பாலியின் ‘சிங்கிவேர’ என்பதை எட்டுகிறது. அதன் மூலம் தமிழ் ‘இஞ்சி’யோடும் ‘வேர்’ என்பதோடும் தொடர்புடைய தென்னிந்தியச் சொல் என்பது ஆய்வாளர் கொள்கை. தொடக்கத்துச் சகரம் குறித்து மட்டும் கருத்து ஒன்றுபடவில்லை. கொம்பு போன்ற வடிவுடையது எனப் பொருள்படும் சமஸ்கிருத ‘சிருங்கவேர’ என்பது, புரியாத சொல்லுக்குப் பின்னர் கற்பிக்கப்பட்ட பொருள். 1952இல் ஆலன் ராஸ் இவ்வொரு சொல்லின் பயணத்திற்கே தனிநூல் எழுதினார். இதே மூலத்தின் மற்றொரு கிளை பாரசீகம் வழியாக அரபில் ‘ஸன்ஜபீல்’ ஆயிற்று. திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் 17ஆம் வசனத்தில் அச்சொல்லை ஓதுகிறோம். ‘ஜிஞ்சர்’ அரபிலிருந்து வந்ததெனும் பட்டியல்கள் தவறானவை. அவை இரண்டும் ஒரு தாய் மக்கள்.

வேதமொழியில் பிறமொழிச் சொல் உண்டென்பதைக் கேட்டு நம் முன்னோர் அஞ்சவில்லை, ஆராய்ந்தனர். அத்தகைய சொற்கள் இல்லை என இமாம் ஷாஃபிஈ (ரஹ்) வாதிட்டார். அபூஉபைத் காசிம் இப்னு சல்லாம் (ரஹ்), அவை மூலத்தால் அயலவை, அரபியர் நாவில் பழகி அரபாகிவிட்டவை, ஆகவே இரு சாராரும் உண்மையே உரைத்தனர் என்றார். 12ஆம் நூற்றாண்டில் ஜவாலீகீ (ரஹ்) அரபில் புகுந்த அயற்சொற்களுக்கு ‘அல்முஅர்ரப்’ என அகராதியே செய்தார். இமாம் சுயூத்தி (ரஹ்) தம் ‘அல்இத்கான்’ நூலில் அத்தகைய சொற்களை வரிசைப்படுத்தி, ‘ஸன்ஜபீல்’ பாரசீகம் என்போரின் கருத்தையும் பதிவு செய்துள்ளார். அவர்கள் கையில் இன்றைய ஒப்பியல் கருவிகள் இல்லை. யார் கூறினார், எதைக் கொண்டு கூறினார் எனக் குறிக்கும் ஒழுக்கம் இருந்தது. கருவிகள் மிகுந்த காலத்தில் வாழும் நாம் அவ்வொழுக்கத்தை இழந்துவிடலாகாது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லின் வரலாறு வேறு, பொருளின் வரலாறு வேறு. ‘ஆல்கஹால்’ என்பது அரபுச் சொல் என்பதால் மதுவை அரபியர் கண்டுபிடித்ததாக ஆகாது. ‘சைன்’ இலத்தீன் வடிவுடையது என்பதால் இந்தியரின் பங்கும் அரபியரின் பங்கும் இல்லையென்றாகாது. ‘அல்ஜப்ர்’ என்னும் சொல்லைத் தலைப்பில் கொண்ட 9ஆம் நூற்றாண்டு நூலால் குவாரிஸ்மி ஒரு துறைக்கே பெயரளித்தார். அவருடைய பெயரே ‘அல்காரிதம்’ ஆயிற்று. இவற்றுக்கு மிகைப்படுத்தல் தேவையில்லை.

இனிப் பட்டியல் தயாரிப்போர் ஒவ்வொரு சொல்லிடமும் நான்கு கேள்விகளையேனும் கேட்க வேண்டுகிறோம். அச்சொல்லின் மிகப் பழைய பதிவு எது? அன்று அதன் பொருள் என்ன? இரு மொழியினரும் எங்கே தொடர்பு கொண்டனர்? அதே மொழிக்குடும்பத்திற்குள் அதற்கு உடன்பிறந்த சொற்கள் உள்ளனவா? இக்கேள்விகளுக்கு முன் ‘எர்த்’தும் ‘நோபிளு’ம் நில்லா, பட்டியல் சுருங்கும். ‘அட்மிரல்’, ‘ஸீரோ’, ‘மேகஸின்’, ‘அல்காரிதம்’ ஆகியவை நிற்கும். கட்டுமரமும் சுருட்டும் நிற்கும். எஞ்சியதை எந்த அவையிலும் எந்த ஆய்வாளர் முன்னிலையிலும் நம் மாணவர்கள் தலைநிமிர்ந்து எடுத்துரைக்கலாம்.